67 சதவீதம், மூன்று அரியர்: வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் 67 சதவீதம் எடுத்தேன். மூன்று அரியர் வைத்துத்தான் முடித்தேன். ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மூன்று வருடமாக வேலை. ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசை. கன்சல்டன்சியில், தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் உடனே சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்து 25 லட்சம் புரட்டலாம் என்கிறார் அப்பா. வைக்கலாமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. கன்சல்டன்சிக்குக் கமிஷனும் கொடுப்பதில்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும். உங்களுக்கு ஏன் அந்த சீட் 'உடனே' கிடைக்கிறது என்பது புரிந்திருக்கும்.

மார்க் விஷயத்துக்கு வருவோம். அங்கே 1 தான் உச்சம், 4 பாஸ். நம் மார்க்கை மாற்ற ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 100-லிருந்து உங்கள் 67-ஐக் கழித்தால் 33. பாஸ் மார்க் 50 என்றால், 33-ஐ 50-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள்: 2.98. பல எம்.எஸ். படிப்புகள் 2.5 கேட்கின்றன, அதற்கு இங்கே 75 சதவீதம் வேண்டும். ஆகவே ஆஹன், மியூனிக் என்று பெயர்பெற்ற இடங்களை மறந்துவிடுங்கள். (மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் நம்மவர்களிடம் கட்டணமும் வாங்குகிறது.)

நீங்கள் தேட வேண்டியது 'ஹோக்ஷூலெ' எனப்படும், தொழிலுக்கு நெருக்கமான அரசுக் கல்லூரிகளை. 3.0 வரை ஏற்கும் படிப்புகள் அங்கே உண்டு. ஷாப் ஃப்ளோரில் மூன்று வருடம் நின்றவருக்கு அங்கே மதிப்பும் உண்டு. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான 'டாட்' (DAAD) இணையதளத்தில் படிப்புகளை இலவசமாகத் தேடலாம். உற்பத்தி, தரம், வாகனத் தொழில்நுட்பம் என்று உங்கள் பாடத்தை ஒட்டியே தேடுங்கள். டேட்டா சயின்ஸுக்குத் தாவினால், படித்த பாடம் பொருந்தவில்லை என்று மார்க்கைப் பார்க்கும் முன்பே ஒதுக்கிவிடுவார்கள். அரியரை மறைக்காதீர்கள், மார்க் ஷீட்டில் இருக்கப்போகிறது. நோக்கக் கடிதத்தில் இரண்டு வரி போதும். மிச்ச இடத்தில், வேலையில் எந்தக் குறையைக் கண்டுபிடித்தீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள்.

இனி பணம். விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்'டில் 11,904 யூரோ காட்ட வேண்டும். ஏறக்குறைய 12 லட்சம். இது கட்டணமல்ல, உங்கள் பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும். அரசு வங்கிகளில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கேட்கலாம். மீதியை இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்துச் சேமியுங்கள். அந்த ஒரு வருடத்தில் ஜெர்மன் மொழியில் பி1 முடித்துவிடுங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், கடைக்காரரும் வேலை கொடுப்பவரும் ஜெர்மனில்தான் பேசுவார்கள். படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

நீங்கள் பட்டியல் இனத்தவராக இருந்து, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு 60 சதவீதமே போதும். ஆனால் அது உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். நான் சொன்ன ஹோக்ஷூலெக்கள் அதில் வராது என்பதால் பட்டியலே வேறாகிவிடும். அப்படியானால் தனியாக எழுதுங்கள்.

எந்தக் கல்லூரி என்றாலும் இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய், கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.