சபைக்குள் பேசித் தீர்க்கலாமா?

கேள்வி: பாதிரியார் மீதோ போதகர் மீதோ பாலியல் புகார் எழுந்தால், சபைக்குள்ளேயே விசாரித்து முடித்தால் போதாதா? (வாசகி, இராஜபாளையம்)

பதில்: போதாது. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு பிஷப்புக்கும் பொருந்தும், சபைக் கமிட்டிக்கும் பொருந்தும். தனக்குக் கீழ் இருப்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உங்கள் ஊர் மகளிர் காவல் நிலையத்திலோ, குழந்தைகள் உதவி எண்ணான 1098-லோ சொல்லலாம். பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைய விடவேண்டியதில்லை. சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கச் சொல்கிறது சட்டம். வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போக்சோ நீதிமன்றத்துக்குப் போகும்.

சபையின் முடிவை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு ஓர் உதாரணம்: ஊட்டி மறைமாவட்டக் குரு ஜோசப் பழனிவேல் ஜெயபால், மினசோட்டாவில் ஒரு சிறுமிக்கு இழைத்த பாலியல் குற்றத்தை 2015-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து திரும்பியவர் மீதிருந்த பணித்தடையை 2016-ல் மறைமாவட்டம் நீக்கியது. வத்திக்கானைக் கேட்டுத்தான் செய்தார்கள். கேட்டுச் செய்ததால் அது சரியாகிவிடுமா? அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

புகார் வந்த அன்றே குற்றம் சாட்டப்பட்டவரைப் பணியிலிருந்து விலக்குவதும், பாதிக்கப்பட்ட குடும்பத்தை ஊர்வாயிலிருந்து காப்பதும்தான் சபையின் வேலை. சமரசம் பேச வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புங்கள், அம்மா.