தொற்றுநோய்க் காலமும் வீட்டுத் தொழில் கடனும்

வீட்டின் திண்ணையிலும் கூடத்திலும் நடைபெறும் சிறு தொழிலுக்கும் கடைவீதியில் நடைபெறும் தொழிலுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் யாதெனில், முன்னதில் தொழிலின் முதலும் குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்கப்படுகின்றன. அப்பளம் இடும் அம்மாளும், தையல் இயந்திரம் வைத்திருப்பவரும், ஒற்றைத் தறி போட்டிருப்பவரும் இன்று வந்த பணத்தில் உளுந்தோ நூலோ வாங்கியது போக மீதியில் அரிசி வாங்குகிறார்கள். நல்ல காலத்தில் இதனால் பெரிய கெடுதி ஒன்றும் இல்லை. வேலை நின்றுபோகும் காலத்திலோ வரவு நிற்கிறது, பசி நிற்பதில்லை. உளுந்துக்கென்று வைத்திருந்த பணம் அரிசிக்குப் போய்விடுகிறது. நோய் நீங்கித் தெரு திறக்கும்போது கைத்தொழில் கையில் இருக்கும்; முதல் இராது.

2020ஆம் ஆண்டில் நேர்ந்தது இதுவே. அவ்வாண்டு மார்ச்சு 11ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனா நோயை உலகளாவிய தொற்றுநோய் என்று அறிவித்தது. மார்ச்சு 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. 2015-16ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசீய மாதிரிக் கணக்கின்படி நம் நாட்டில் விவசாயம் அல்லாத சிறு தொழில்கள் 633.88 இலட்சம், அவற்றுள் 324.88 இலட்சம் கிராமங்களிலேயே இருந்தன. இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை மிகச் சிறிய தொழில்கள். ஆகவே சர்க்கார் செய்த பண உதவி இவர்களுக்கு எவ்வழியில் வந்தது, யாருக்கு வந்தது, யாரைத் தாண்டிப் போயிற்று என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிந்திருப்பது அவசியம். இன்னொரு நோயோ வெள்ளமோ வரும்போது உதவி அதே வழியில்தான் வரக்கூடும்.

முதலாவதாக ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டிற்கு வேண்டிய உதவி வேறு. தொழிலை மறுபடி நடத்த வேண்டிய உதவி வேறு. முன்னது இனாமாக இருத்தல் வேண்டும். ஏனெனில் தின்று தீர்ந்த கடனைத் திருப்பிக் கொடுக்க வரும்படி ஏதும் அதிலிருந்து உண்டாவதில்லை. பின்னது கடனாக இருக்கலாம். வாங்கிய உளுந்து அப்பளமாகிப் பணமாகத் திரும்பி வரும். 2020இல் இனாம் உதவியும் கிடைத்தது. ரேஷன் கடையில் ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் விலையின்றிக் கூடுதலாக அளிக்கப்பட்டது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு ஏப்ரல் முதல் மூன்று மாதம் மாதந்தோறும் ரூ.500 வரவு வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அரிசிக் கார்டுகளுக்கு ரூ.1,000 கொடுக்கப்பட்டது. இவை வயிற்றுக்குப் போதுமானவையா என்பது வேறு விஷயம். தொழிலின் முதலுக்கு இவற்றிலிருந்து ஒரு காசும் மிஞ்சியிராது. தொழிலுக்கென்று வந்தது பெரும்பாலும் இரண்டே: பழைய கடனுக்கு அவகாசம், புதிய கடன்.

அவகாசத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிசர்வ் பாங்கி 2020 மார்ச்சு 27ஆம் தேதி வெளியிட்ட உத்தரவினால், கூட்டுறவு பாங்கிகள் உள்ளிட்ட பாங்கிகளும் நிதி நிறுவனங்களும் மூன்று மாதத் தவணைகளை நிறுத்தி வைக்கலாம் என்று அனுமதி பெற்றன. மே 22ஆம் தேதி இது மேலும் மூன்று மாதம், அதாவது ஆகஸ்டு 31 வரை, நீட்டிக்கப்பட்டது. ஆறு மாதம் தவணை இல்லை என்ற செய்தி ஊரெங்கும் பரவிற்று. அதனுடன் வட்டியும் இல்லை என்ற தவறான எண்ணமும் சேர்ந்து பரவிற்று. தவணை நின்றதேயன்றி வட்டி நிற்கவில்லை.

இதனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தையல் தொழில் செய்யும் ஒருவருக்குக் கடன் பாக்கி ரூ.50,000, வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, இன்னும் 24 தவணை செலுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய ரூ.2,354. ஆறு மாதம் அவர் ஒன்றும் செலுத்தவில்லை. மாதம் ரூ.500 வீதம் ஆறு மாத வட்டி ரூ.3,000 ஆகிறது. மாதந்தோறும் வட்டியை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போட்டால் ரூ.3,076 ஆகிறது. ஆக, செப்டம்பர் மாதத்தில் அவருடைய பாக்கி ரூ.53,076. பழைய தவணையையே தொடர்ந்து செலுத்தினால், 24 தவணைகளில் முடிய வேண்டிய கடன் முடியாது. 25ஆவது தவணை முழுவதையும் செலுத்தி, 26ஆவதாகச் சுமார் ரூ.1,600ம் செலுத்த வேண்டும். ஆறு மாத அவகாசத்தின் விலை மொத்தத்தில் ரூ.3,960 அளவு.

இதில் வட்டிக்கு வட்டியான அந்த ரூ.76ஐக் குறித்துச் சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு நடந்தது. 2020 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வெளியிட்டு, இரண்டு கோடி ரூபாய்க்கு மேற்படாத கடன்களில் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. தவணை தவறாமல் கட்டி வந்தவர்களுக்கும் அவ்வித்தியாசம் வரவு வைக்கப்பட்டது மெச்சத்தக்கது. விவசாயப் பயிர்க் கடன் இதில் சேரவில்லை. 2021 மார்ச்சு 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அக்காலத்திற்கு வட்டிக்கு வட்டி யாரிடமும் வாங்கலாகாது என்றும், வட்டியை முழுவதும் தள்ளும்படி உத்தரவிட இயலாது என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே நமது தையற்காரருக்கு ரூ.76 கிடைத்தது, ரூ.3,000 அவர் தலையிலேயே நின்றது.

அவகாசம் கெட்டது என்று இதனால் ஏற்படாது. வரும்படியே இல்லாதவருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் ஆறு மாதம் கிடைப்பது, தண்டல்காரரிடம் போவதைக் காட்டிலும் எவ்வளவோ மேல். தண்டல் கணக்கையும் பாருங்கள். ரூ.10,000 என்று எழுதிக்கொண்டு கையில் ரூ.8,500 கொடுத்து, நாளொன்றுக்கு ரூ.100 வீதம் நூறு நாள் வசூல் செய்தால், அது ஆண்டுக்கு நூற்றுக்கு நூறு வட்டியையும் தாண்டுகிறது. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி முதலியவற்றைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனினும் அவசரக்காரன் சட்டத்தைப் பார்ப்பதில்லை. நாம் சொல்வது இவ்வளவே: செலுத்தச் சக்தியுள்ளவர், அண்டை வீட்டார் நிறுத்திவிட்டார் என்பதற்காகத் தாமும் நிறுத்த வேண்டாம். பாதித் தவணையாவது செலுத்த முடிந்தால் செலுத்துவது லாபம்.

இனிப் புதிய கடனுக்கு வருவோம். 2020 மே மாதத்தில் மத்திய சர்க்கார் மூன்று இலட்சம் கோடி ரூபாய் அளவிற்கு அவசரக் கடன் ஜாமீன் திட்டத்தை ஆரம்பித்தது. இதில் ஈடு கிடையாது. சர்க்காரே முழு ஜாமீன். பாங்கி வட்டி 9¼ சதவீதத்திற்கு மேற்படக் கூடாது. நான்கு வருஷக் கெடுவில் முதல் வருஷம் வட்டி மாத்திரம் செலுத்தினால் போதும். ஷரத்துக்கள் எவ்வளவோ நயமானவை. ஆனால் தொகை எவ்வளவு? 2020 பிப்ரவரி 29ஆம் தேதி நிலுவையில் இருந்த கடனில் ஐந்தில் ஒரு பங்கு. ரூ.50,000 பாக்கி உள்ளவருக்கு ரூ.10,000. பிப்ரவரி 29இல் எந்தப் பாங்கியிலும் கடன் இல்லாதவருக்கு ஐந்தில் ஒரு பங்கு பூஜ்யம். கடன்படாமல் சொந்தக் கைப்பணத்தில் தொழில் நடத்தியவருக்கு இத்திட்டத்தில் இடமே இல்லாமற் போயிற்று. அவரைத் தண்டிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் இருப்பது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை, அவ்வளவே.

ஏனைய திட்டங்களிலும் இதே ரேகை ஓடுகிறது. 2020 ஜூன் மாதத்தில் தெரு வியாபாரிகளுக்கென்று ஏற்பட்ட ஸ்வநிதி திட்டத்தில் ரூ.10,000 ஓராண்டுக் கடனாகக் கொடுக்கப்பட்டது. ஒழுங்காகக் கட்டுவோருக்கு வட்டியில் 7 சதவீதம் திருப்பி அளிக்கப்பட்டது. நகர எல்லைக்குள் விற்பவர் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். கிராமத்து வீட்டில் செய்து பட்டணத்தில் கூடை சுமந்து விற்பவர் அத்தாட்சி பெற்றால் சேரலாம். வீட்டு வாசலிலேயே விற்பவர் சேர வழியில்லை. ரூ.50,000 வரையுள்ள முத்ரா கடனுக்கு ஓராண்டு 2 சதவீத வட்டிச் சலுகை தந்தார்கள். அதுவும் ஏற்கெனவே கடன் பெற்று ஒழுங்காகச் செலுத்தி வந்தவருக்கே. பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு ஈடின்றிக் கொடுக்கும் கடன் உச்சம் ரூ.10 இலட்சத்திலிருந்து ரூ.20 இலட்சமாக உயர்த்தப்பட்டது. வீட்டுத் தொழில் செய்யும் பெண்ணுக்கு இவற்றுள் மிகவும் பயன்படக்கூடியது இதுவே என்பது நமது அபிப்பிராயம். தனியாக ஏட்டில் இல்லாத பெண்ணும் குழுவின் ஏட்டில் இருக்கிறாள்.

இனாமாகவே கொடுத்த தேசங்களிலும் ஏடு இல்லாதவர் விடுபட்டார்கள். பிரிட்டனில் சொந்தத் தொழில் செய்வோருக்கு 2020 மே மாதம் முதல், அவர்களுடைய சராசரி லாபத்தில் நூற்றுக்கு எண்பது வீதம் மூன்று மாதத்திற்கு 7,500 பவுனுக்கு மேற்படாமல் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் லாபத்தைப் பழைய வருமான வரிக் கணக்கிலிருந்து எடுத்தமையால், 2019 ஏப்ரலுக்குப் பின் தொழில் தொடங்கியவர்களுக்கு முதல் மூன்று முறையும் ஒன்றும் கிடைக்கவில்லை.

தள்ளுபடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு, கூட்டுறவு ஸ்தாபனங்களில் ஐந்து சவரன் வரை வைத்த நகைக் கடன்களும், சுய உதவிக் குழுக்களின் கடன் நிலுவைகளும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தள்ளுபடி செய்யப்பட்டன. பெற்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. நிபந்தனைகளால் நகைக் கடனில் விலக்கப்பட்டவரும் ஏராளம். தள்ளுபடி வரும் என்று எதிர்பார்த்துத் தவணையை நிறுத்திய குடும்பம், அது வராதபோது அசலும் வட்டியும் அபராத வட்டியுமாகச் சேர்த்துக் கட்ட வேண்டியதாகிறது.

ஆகவே வீட்டுத் தொழில் செய்யும் ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு கணக்கு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பேரேடு வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் போதும். தேதி, சாமான் வாங்கியது, விற்றது, வரவேண்டிய பாக்கி, வீட்டிற்கு எடுத்தது என்று கோடு போட்டு எழுத வேண்டும். கடைசிப் பத்திதான் பலரும் விட்டுவிடுவது. மிக முக்கியமானதும் அதுவே. அப்பளம் இடும் ஓர் அம்மாளுக்கு மாதம் ரூ.9,000 விற்பனை, உளுந்து முதலிய சாமான் ரூ.5,400, வீட்டிற்கு எடுத்தது ரூ.3,000 எனில், மிஞ்சுவது ரூ.600. அவர் ரூ.50,000 கடன் கேட்டால், ரூ.2,354 தவணையை எங்கிருந்து கட்டுவார்? மாதம் ரூ.600 வீதம் 24 மாதத்தில் தீரக்கூடிய கடன், அதே வட்டியில், ரூ.12,700 அளவே. இக்கணக்கு பஞ்சாயத்தாருக்கும் வேண்டும். அதிகமாகக் கொடுத்து அங்கத்தினரை முறித்துவிடுவதும், பயந்து ஒன்றுமே கொடாமல் தண்டல்காரரிடம் அனுப்புவதும் சங்கத்திற்குப் பெருமை தரா.

சர்க்கார் ஏட்டில் பதிவு செய்துகொள்ள இப்போது வசதி உண்டு. உத்யம் என்னும் பதிவு 2020 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைபெறுகிறது. ஆதார் எண் வேண்டும், கட்டணம் இல்லை. சரக்கு சேவை வரிக் கணக்கு இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்காக 2023 ஜனவரியில் உத்யம் அஸிஸ்ட் என்ற தனி ஏற்பாடும் வந்தது. கடன் கொடுக்கும் பாங்கி போன்ற குறிக்கப்பட்ட ஸ்தாபனத்தின் மூலம் இதில் பதியலாம். பதிவு செய்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் தரகர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பதிவினால் மாத்திரம் கடன் வந்துவிடாது. கடன் கொடுப்பவர் மேற்சொன்ன நோட்டையும் பாங்கிப் பாஸ் புத்தகத்தையும் பார்ப்பார். ஆதலால் விற்பனைப் பணத்தில் ஒரு பகுதியையேனும் மாதந்தோறும் பாங்கிக் கணக்கில் போட்டு எடுப்பது நல்லது.

காரியதரிசிகள் இப்பாடத்தை மாதக் கூட்டத்தில் படித்துக் காட்டுவார்களாக. அடுத்த கூட்டத்திற்கு வீட்டுத் தொழில் செய்யும் அங்கத்தினர்கள் ஒரு மாதக் கணக்கு எழுதிய நோட்டுடன் வந்தால், அவரவர் தாங்கக்கூடிய தவணை இவ்வளவு என்று அங்கேயே கணக்கிட்டுச் சொல்லலாம். எழுதத் தெரியாதவர் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம்; பென்சிலால் எழுதினாலும் சரியே.