பன்றியின் குண்டிக்காய்ப் புழு

உயிரோடிருக்கையில் புலப்படாத நோயைப் பலவேளைகளில் கசாப்புக்கூடத்துக் கத்தியே நமக்குக் காட்டுகின்றது. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென்பகுதியில் பன்றி வளர்த்தோர் இதனை நன்கறிந்தவர்கள். வெளித்தோற்றத்தில் குறையொன்றுமில்லாத பன்றியை அறுத்துப் பார்க்குங்கால், ஈரல் வெண்ணிறத் தழும்பேறித் தடித்திருக்கும். குண்டிக்காயைச் சூழ்ந்த கொழுப்பிலே சீழ்க்கட்டிகள் காணப்படும். கட்டியைக் கீறினால், ஓரங்குலம் முதல் ஒன்றேமுக்கால் அங்குலம் வரை நீண்ட தடித்த புழுக்கள் வெளிப்படும். பரிசோதகர் ஈரலைத் தள்ளிவிடுவர். இடுப்பிறைச்சியிலும் பழுதுற்ற பாகத்தை அரிந்தெறிவர். நட்டம் வளர்த்தவனுக்கே.

இப்புழுவுக்கு ஸ்டெபனூரஸ் டென்டேடஸ் என்று 1839-ல் பெயரிட்டவர் டீஸிங் என்னும் ஆஸ்திரிய அறிஞர்.

குண்டிக்காயருகே குடியிருக்கும் புழுவினால் ஈரல் கெடுவானேன்? அதன் வாழ்க்கை வரலாறே இதற்கு விடை கூறும். புழு இடும் முட்டைகள் மூத்திரக்குழாய் வழியாய் வெளிவந்து, ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் இரண்டொரு நாளிற் பொரிக்கின்றன. ஏறக்குறைய ஐந்து நாளில் இளம்புழுக்கள் நோய் விளைக்கும் பருவமெய்துகின்றன. தீனியோடு வாய்வழியாகவும், தோலைத் துளைத்தும், பன்றி தின்னும் மண்புழுவின் உடலிலிருந்தும் அவை உட்புகும். புகுந்தவை முதலில் ஈரலையடைந்து, மூன்று திங்களோ அதற்கு மேலோ அங்கே குடைந்து திரியும். பின்னரே ஈரலின் மேலுறையைக் கிழித்துக்கொண்டு குண்டிக்காயை நாடும். வழிதவறிச் சில முதுகுத்தண்டினுட் புகுமாயின், பன்றியின் பின்னங்கால்கள் முடங்கும்.

புழு முட்டையிடத் தொடங்குவதற்கு ஒன்பது திங்களுக்குக் குறையாது செல்லும். இந்தத் தாமதமே அதனை வெல்லும் வழியாயிற்று. ஜார்ஜியா மாகாணத்து டிஃப்டன் நகர ஆராய்ச்சியாளர், 1960-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஒரு முறையைச் சோதித்தனர். இளம் பெண்பன்றிகளை ஒருமுறை மட்டும் ஈன விட்டு, குட்டிகள் பால் மறந்தவுடன் தாயை விற்றுவிடுவதே அம்முறை. உடலிலுள்ள புழு முட்டையிடுமுன் பன்றி பண்ணையை விட்டு நீங்கிவிடும். நிலத்திற் புதிய முட்டை விழாது. பழைய இளம்புழுக்களோ நாளடைவில் மடியும். வெயிலும் வறட்சியும் அவற்றிற்கு யமன்.

இந்நாளில் ஐவர்மெக்டின் முதலிய மருந்துகளும் சிமிட்டித் தளமிட்ட கொட்டில்களும் உள. ஆயினும், மருந்தின் துணையின்றி நாட்கணக்கைக் கொண்டே ஒரு நோயை அடக்கிய இச்செய்தி, உயிர்நூல் பயில்வோர் மறத்தற்குரியதன்று. ஈரலின் தழும்பைக் கண்டு அதனை எறிந்துவிடுவதோடு நில்லாமல், அது வந்த வழியை ஆராய்ந்தமையாலன்றோ இவ்வெற்றி கிட்டியது!