நிபந்தனையும் ஏரணமும்

நுழையும் முன்

“அண்ணன் அல்லது அக்காள் வந்தால் கதவைத் திற” என்னும் தொடரில் ‘வந்தால்’ என்னும் சொல் ஒருமுறையே இடம்பெறுகிறது. எனினும் அது இருவருக்கும் உரியது எனக் கேட்பவர் உணர்ந்துகொள்வார். கணினி அவ்வாறு விடுபட்டதை நிரப்பிப் பொருள்கொள்வதில்லை. பல மதிப்புகளை ஒரே நேரத்தில் சோதிக்கும் நிபந்தனைகளைப் பிழையின்றி அமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஏரணச் செயற்குறிகள்

கைடோ வான் ரோசம் உருவாக்கி 1991ஆம் ஆண்டு வெளியிட்ட பைத்தான், பரவலாகப் பயன்படும் ஸ்கிரிப்ட் மொழிகளுள் ஒன்று. அதில் அண்ட், ஆர், நாட் என மூன்று ஏரணச் செயற்குறிகள் உள்ளன. நிரலில் இவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுதப்படும். இங்கு அவற்றின் ஒலிப்பு தரப்பட்டுள்ளது.

• அண்ட்: இருபுறமும் மெய்யானால் மட்டுமே முழு நிபந்தனையும் மெய்யாகும்.
• ஆர்: ஏதேனும் ஒருபுறம் மெய்யானாலும் முழு நிபந்தனையும் மெய்யாகும்.
• நாட்: மெய்யைப் பொய்யாகவும் பொய்யை மெய்யாகவும் மாற்றும்.

ஒப்பீடுகள் முதலில் மதிப்பிடப்படும். அதன்பின் நாட், அண்ட், ஆர் என்னும் வரிசையில் செயற்குறிகள் இயங்கும்.

குருதி வகையைச் சோதித்தல்

மனிதக் குருதியில் வெவ்வேறு வகைகள் உண்டு என்பதைக் காரல் லாண்ட்ஸ்டெய்னர் 1901ஆம் ஆண்டு வெளிப்படுத்தினார். ஏ+ வகையினருக்கு ஏ+, ஏ−, ஓ+, ஓ− ஆகிய நான்கு வகைகளின் சிவப்பணுக்கள் பொருந்தும். பி வகையைச் செலுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம். பொருந்தும் வகையைக் கண்டறிய ஒருவர் பின்வருமாறு நிபந்தனை எழுதுவதாகக் கொள்வோம்.

வகை == "ஏ+" ஆர் "ஏ−" ஆர் "ஓ+" ஆர் "ஓ−"

படிப்பதற்கு இது சரியாகவே தோன்றும். ஆனால், ‘வகை ==’ என்பது முதல் மதிப்புக்கு மட்டுமே உரியது. வகை "பி+" எனில் முதல் ஒப்பீடு பொய்யாகும். கணினி அடுத்து "ஏ−" என்பதைத் தனியே நோக்கும். வெற்றாக இல்லாத எந்தச் சரத்தையும் பைத்தான் மெய்யாகவே கொள்ளும். ஆகவே எந்தக் குருதி வகையைக் கொடுத்தாலும் ‘பொருந்தும்’ என்னும் விடையே கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது என்பதே இதன் பேராபத்து.

இதனைத் திருத்த, ஒவ்வொரு மதிப்பையும் முழுமையாக ஒப்பிட வேண்டும்.

வகை == "ஏ+" ஆர் வகை == "ஏ−" ஆர் வகை == "ஓ+" ஆர் வகை == "ஓ−"

இதையே ‘இன்’ என்னும் உறுப்புச் செயற்குறியால் சுருக்கமாக எழுதலாம்.

வகை இன் ("ஏ+", "ஏ−", "ஓ+", "ஓ−")

எதிர்மறை நிபந்தனை

ஏ− வகையினருக்கு ஏ−, ஓ− ஆகிய இரண்டே பொருந்தும். பொருந்தாதவற்றை விலக்கப் பின்வருமாறு எழுதுவது பிழை.

வகை != "ஏ−" ஆர் வகை != "ஓ−"

ஒரு குருதி ஒரே நேரத்தில் இரு வகையாக இருக்க இயலாது. எனவே, இவற்றுள் ஒன்றேனும் எப்போதும் மெய்யாகும். பொருந்தும் குருதியும் விலக்கப்படும். இங்கு ஆர் என்பதற்கு மாற்றாக அண்ட் வர வேண்டும். ‘இது அல்லது அது’ என்பதன் மறுப்பு ‘இதுவும் அன்று, அதுவும் அன்று’ என்பதாகும். இது டி மார்கன் விதிகளுள் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

இவ்விதிகளுக்குப் பெயர் தந்த கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் 1806ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். மெய், பொய் மதிப்புகளைக் குறிக்கும் ‘பூலியன்’ என்னும் சொல், ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞரின் பெயரிலிருந்து தோன்றியது.

சோதிக்கும் முறை

ஏற்க வேண்டிய மதிப்புகளை மட்டும் கொடுத்துப் பார்த்தால் முதலில் கண்ட பிழை வெளிப்படாது. மறுக்க வேண்டிய மதிப்புகளையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். எட்டுக் குருதி வகைகளுக்கும் உரிய விடை கிடைத்த பின்னரே அந்நிபந்தனை நம்பத்தக்கதாகும்.

கற்பவை கற்றபின்

1. ஓ+ வகையினருக்கு ஓ+, ஓ− ஆகியவற்றின் சிவப்பணுக்களே பொருந்தும். இதற்குரிய நிபந்தனையை இரு முறைகளில் எழுதுக.
2. ‘நாட் (வகை == "ஏ−" ஆர் வகை == "ஓ−")’ என்பதை அண்ட் கொண்டு மாற்றி எழுதுக.