செம்புக் கம்பியா? ஒளிநாரா?

வணிக நிலையத்திலோ பாடசாலையிலோ கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்க முற்படுவோர் முதலிற் கேட்கும் வினா இதுவாகும். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வியக்கலாம். கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த சுவாமி விபுலானந்தர் உலாவிய இம்மண்ணிலே, புதுப்பொருளைத் தமிழில் விளக்குதல் எமக்கும் கடனே.

செம்புக் கம்பி செய்தியை மின்னாற் கடத்தும். ஒளிநார் மயிரிழை போன்ற கண்ணாடியூடே ஒளியாற் கடத்தும். நாரின் உள்ளகம் அதன் உறையினும் கூடிய முறிவுச் சுட்டி உடையது. ஆதலின் ஒளி முழு அகத்தெறிப்புற்று வெளியேறாது ஓடும். கண்ணாடியின் மாசை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் செல்லும் என்பதைச் சார்ல்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும் 1966இல் எடுத்துக்காட்டினர். 1970இல் அமெரிக்கக் கோர்னிங் நிறுவனத்தார் அத்தகைய நாரை ஆக்கினர். காவோ 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

இனித் தெரிவுக்கு வருவோம். முதலாவது தூரம். ஈதர்நெற் வலையமைப்பிற் செம்புக் கம்பியின் எல்லை 100 மீற்றர். ஒற்றைமுறை நாரோ சாதாரணக் கருவிகளுடனேயே 10 கிலோமீற்றர் செல்லும். இரண்டாவது இடி. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவற்குடாவிலே சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் மிகும். இரு கட்டடங்களுக்கிடையே செம்பை இழுத்தால், அருகே விழும் மின்னல் இருபுறக் கருவிகளையும் பழுதாக்கக்கூடும். கண்ணாடி மின்னைக் கடத்தாது. ஆயினும் உருக்குக் கவசமிட்ட நாரை வாங்கின் இப்பயன் குன்றும். உலோகமற்றதையே கேட்டு வாங்குக.

அவ்வாறாயின் செம்பு தள்ளத்தக்கதோ? அன்று. ஒரு கட்டடத்துள்ளே மேசைக் கணினிகளுக்கு அதுவே சிக்கனம். காவற் கமராவுக்கும் தொலைபேசிக்கும் செய்தியோடு மின்னையும் அதே கம்பி வழங்கும். கண்ணாடி நாரால் அஃது இயலாது. நாரை உருக்கி ஒட்டத் தனிக் கருவியும் பயின்ற கையும் வேண்டும். ஆனால் மலிவென்று செம்பு பூசிய அலுமினியக் கம்பியை வாங்கி ஏமாறற்க. அது எளிதில் ஒடியும், மின்னூட்டும்போது கூடுதலாகச் சூடேறும்.

சுருங்கக் கூறின், கட்டடத்துள்ளே செம்பு, கட்டடங்களுக்கிடையே நார். தாம் பயின்ற கல்லூரிக்குக் கணினிக்கூடம் அமைத்துதவ எண்ணும் பழைய மாணவர் இதனை மனங்கொள்வாராக. இன்றைக்கு இரண்டு நார் போதுமாயினும் நான்கு நார் கொண்ட வடத்தையே புதைப்பிக்க. பின்னொருநாள் நிலத்தை மீண்டும் தோண்டும் செலவே பெரிது.