வெள்ளெழுத்தும் மூக்குக் கண்ணாடித் தேர்வும்

நாற்பது வயதைக் கடந்தவர்கள் புத்தகத்தைக் கையெட்டும் தூரத்திற்கு விலக்கிப் பிடித்துப் படிப்பதை எங்கும் காணலாம். கண்ணினுள் உள்ள வில்லை ஆண்டுதோறும் விறைத்து, அண்மைப் பொருள்களுக்கேற்பத் தன் வளைவை மாற்றிக்கொள்ளும் ஆற்றலை இழந்துவருவதே இதற்குக் காரணமாகும். இதனை வெள்ளெழுத்து என்பர். தூரப்பார்வைக்கு முன்னரே கண்ணாடி அணிந்தவர் இந்நிலையை அடைந்ததும், இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிய விரும்பாராயின், பைபோகல் எனப்படும் இருகுவியக் கண்ணாடி, புரோகிரசிவ் எனப்படும் மாறுகுவியக் கண்ணாடி ஆகிய இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவராகிறார். பெரும்பாலும் விலையே இத்தேர்வை முடிவுசெய்துவிடுகிறது. அணிபவர் நாள் முழுதும் எவ்வெத் தொலைவுகளில் பார்க்கிறார், எங்கே நடக்கிறார் என்பதைக் கொண்டு முடிவுசெய்வதே முறையாகும்.

இருகுவியக் கண்ணாடி பழமையானது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், இருவகை வில்லைகளைப் பாதியாக அறுத்து ஒரே வளையத்தில் பொருத்தி அணிந்ததை 1785-இல் எழுதிய கடிதமொன்றில் விவரித்துள்ளார். மேற்பகுதி தூரத்திற்கும் கீழ்ப்பகுதி படிப்பிற்கும் பயன்படும். இரு பகுதிகளிலும் பார்வை அகலமாகவும் தெளிவாகவும் அமைவது இதன் பெருஞ்சிறப்பு. குறை யாதெனின், இடைத்தொலைவு விடுபட்டுப்போதலே. தாமாகவே ஒரு டயாப்டர் அளவு குவிக்கும் ஆற்றல் எஞ்சியுள்ள ஒருவருக்கு, கீழ்ப்பகுதியில் இரண்டு டயாப்டர் கூட்டித் தரப்பட்டதாகக் கொள்வோம். மேற்பகுதி வழியே அவருக்கு ஒரு மீட்டருக்கு அப்பாலுள்ளவை தெளிவாகும். கீழ்ப்பகுதி வழியே 33 முதல் 50 செ.மீ. வரை உள்ளவை தெளிவாகும். 50 செ.மீ.க்கும் ஒரு மீட்டருக்கும் இடைப்பட்டவை எப்பகுதி வழியே பார்த்தாலும் மங்கலே.

ஆசிரியருக்கு இந்த இடைவெளி சிறிய இழப்பன்று. எழுதும்பொழுது கரும்பலகை அவர் கண்ணிலிருந்து 60, 70 செ.மீ. தொலைவில்தான் உள்ளது. நின்றவாறே குனிந்து பார்க்கும் மாணவனின் நோட்டுப் புத்தகமும் பெரும்பாலும் அந்த இடைவெளியிலேயே அகப்படுகிறது. ஆகவே வகுப்பறைக்கு மாறுகுவியக் கண்ணாடியே பொருந்தும். 1959-இல் பிரான்சில் பெர்னார்டு மேத்தனாஸ் என்பவர் உருவாக்கிய வில்லை விற்பனைக்கு வந்தது முதல் இவ்வகை பரவலாயிற்று. இதில் மேலிருந்து கீழாகத் திறன் சிறிது சிறிதாக ஏறுவதால் எல்லாத் தொலைவுகளுக்கும் இடமுண்டு. கண் மட்டத்தில் எழுதும்போது மட்டும் முகவாயைச் சற்று உயர்த்திப் பார்க்கவேண்டும்.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலையுண்டு. இடைப்பகுதி ஒரு குறுகிய வாய்க்கால் போன்றது. அதன் இருபுறமும் உருவம் மங்கி வளையும். இது தொழிற்சாலையின் கவனக்குறைவன்று. நடுக்கோட்டில் திறன் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ, அதைப்போல் இரு மடங்கு விரைவாகப் பக்கவாட்டில் பிழை வளரும் என்று ஜெர்மானியக் கணித அறிஞர் மின்க்விட்ஸ் 1963-இல் நிறுவினார். விலையுயர்ந்த வில்லைகள் இப்பிழையைப் பரப்பியும் இடம்மாற்றியும் குறைத்துக் காட்டுகின்றனவேயன்றி, அறவே நீக்குவதில்லை. எனவே பக்கத்திலுள்ளதைப் பார்க்கக் கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையும் திருப்பப் பழகுதல் வேண்டும்.

வரப்பிலும் ஓடைக் கரையிலும் கிணற்றுப் படியிலும் நடக்கும் களப்பணியாளரின் நிலை வேறு. படிப்பதற்கான கீழ்ப்பகுதி ஏறத்தாழ 40 செ.மீ.க்கென அமைந்தது, காலடியோ கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே கீழ்நோக்கும்போது படியின் விளிம்பு மங்குகிறது. இருகுவியக் கண்ணாடியில், பார்வை கோட்டைக் கடக்கும் கணத்தில் உருவம் தாவவும் செய்கிறது. கிரிப்டாக் எனும் வட்டப் பகுதியின் மையம் அதன் மேல் விளிம்பிலிருந்து 11 மி.மீ. கீழே இருப்பின், இரண்டு டயாப்டர் கூட்டலுக்கு ஒன்றரை மீட்டரில் இத்தாவல் 3 செ.மீ.க்கு மேலாகும். 'டி' வடிவப் பகுதியில் மையம் விளிம்பை ஒட்டியிருப்பதால் தாவல் பாதியளவோ அதற்கும் குறைவோ ஆகும். களத்தில் இருகுவியமே வேண்டுமென்பவர் 'டி' வடிவத்தைக் கேட்டு வாங்கி, அதனை வழக்கத்தினும் ஓரிரு மி.மீ. தாழ்த்திப் பொருத்தச் சொல்லலாம். இன்னும் சிறந்தது, நடக்கும்பொழுது தூரப்பார்வைக் கண்ணாடியை மட்டும் அணிந்து, படிக்கும் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருத்தல். ஆஸ்திரேலியாவில் முதியோரிடையே நடந்து 2010-இல் வெளியான ஆய்வொன்றில், வெளியே அடிக்கடி நடமாடுவோருக்குத் தனித் தூரக்கண்ணாடி அளித்தபோது அவர்கள் கீழே விழுவது குறைந்தது. வீட்டிலேயே பெரிதும் இருப்போருக்கோ வெளியில் விழுதல் மிகுந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

எதைத் தேர்ந்தாலும் அளவெடுப்பில் பிழை நேரின் பணம் வீணாகும். மாறுகுவியத்திற்கு, தேர்ந்த பிரேமை முகத்தில் பொருத்திய பின்னரே, ஒவ்வொரு கண்மணியின் இடத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். உயரம் குறைந்த பிரேமில் படிக்கும் பகுதி வெட்டுண்டு போகும். வில்லையில் கண்ணுக்கு எளிதில் தோன்றாத இரு சிறு பொறிப்புகள் 34 மி.மீ. இடைவெளியில் உள்ளன, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இரு வாரங்கள் அணிந்தும் தலைசுற்றல் நீங்காவிடில், கடைக்காரரைக் கொண்டு அப்பொறிப்புகளின்மீது மையால் புள்ளியிடச் செய்து, பொருத்தப்பட்ட இடம் சரிதானா என்று கண்ணெதிரே பார்த்தறியலாம்.