அளவுகோலும் கண்ணாடியும்

கேரளத்தின் நெய்யாற்றங்கரை வட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே அமைந்த சிற்றூர் செங்கல். அங்குள்ள மகேசுவரம் சிவபார்வதி ஆலயத்தில் 111 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் சிவலிங்கத்தை அன்பர்கள் அண்ணாந்து நோக்கி வணங்குகின்றனர். அதே வட்டத்தில், நெய்யாற்றின் கரையில் உள்ளது அருவிப்புரம். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லொன்றை அங்கே சிவமாகப் பிரதிஷ்டை செய்தார். இரண்டில் எந்தச் சிவம் பெரிது என்று பக்தர் எவரும் கேட்பதில்லை.

மனிதரிடம் வரும்போது மட்டும் நாம் அளவுகோலை எடுத்துவிடுகிறோம். ‘அவர் இரண்டு மணி நேரம் தியானம் செய்கிறார், என்னால் அரைமணிகூட அமர இயலவில்லை. நான் திருத்திக்கொள்ள வேண்டியது இதுவே’ என்று தீர்மானிக்கிறோம். சில நாள் முயன்று சோர்கிறோம். பிறகு நம்மினும் குறைவாகச் செய்பவரைக் கண்டு நிறைவு கொள்கிறோம். முன்னது தாழ்வுணர்ச்சி, பின்னது செருக்கு. உண்மையான குறையோ, வீட்டாரிடம் நாள்தோறும் நாம் பேசும் கடுஞ்சொல்லாக இருக்கலாம். அது நம் கண்ணில் படுவதே இல்லை.

அவ்வாறாயின், பிறரைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம்; கற்பதற்காகப் பார்க்கலாம். நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் இளமையில் உடன் பழகிய தோழர்கள். இருவரும் தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர்கள். எனினும் ஒருவரைப்போல் மற்றவர் ஆக முயலவில்லை. சட்டம்பி சுவாமிகள் நூலாராய்ச்சியில் நின்று, வேதம் பயிலும் உரிமை அனைவர்க்கும் உண்டு என நிறுவினார். குருவோ, பிறப்பைக் கொண்டு மனிதரை மேல், கீழ் என அளந்து ஆலய வாயிலை அடைத்த சமுதாயத்தில், அனைவர்க்கும் உரிய ஆலயங்களையும் கல்விச்சாலைகளையும் தோற்றுவித்தார். 1924-இல் சட்டம்பி சுவாமிகள் சமாதியடைந்தபோது, குரு அவரைப் போற்றிச் சுலோகம் இயற்றினார். ஒப்பிட்டுப் புழுங்கும் நெஞ்சில் இத்தகைய போற்றுதல் பிறக்குமா?

1927-இல் சேர்த்தலைக்கு அருகிலுள்ள களவங்கோடத்தில் குரு பிரதிஷ்டை செய்தது ஒரு கண்ணாடி. தரிசிக்க வந்தவர் அங்கே கண்டது தம் முகத்தையே. உள்ளே உறையும் தெய்வத்தை உணர்த்தும் அக்கண்ணாடி, சாதகனுக்கு இன்னொன்றையும் கற்பிக்கிறது. முகத்தில் படிந்த கறையை அறியப் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை.

இன்றிரவு உறங்குமுன் சிறிது நேரம் தனித்து அமருங்கள். இன்று எந்தச் சொல்லால் ஒருவரை வருத்தினேன்? செய்வதாகச் சொல்லி எதைச் செய்யாது விட்டேன்? நேற்றைவிட இன்று எதில் ஓரணு முன்னேறினேன்? இம்மூன்றையும் நேர்மையாகக் கேட்டு, நாளைக்கென ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். அதன்பின், அக்குணம் நிறைந்த ஒருவரை நாடி, அவர் அதை எவ்வாறு பழகினார் என்று பணிவுடன் கேளுங்கள்.

முதலில் கண்ணாடி, பின்னரே அயலார். இந்த வரிசை மாறாதிருந்தால், அண்டை வீட்டாரின் உயர்வு நம்மை வருத்தாது, வழிகாட்டும்.